மர நிழலா, மின்சாரமா? வேன் வீட்டுக்கு எந்தக் கரண்ட்

சித்திரை மாதம், பகல் பதினோரு மணி, தரங்கம்பாடி. கடலோரமாக வெட்டவெளியில் நிறுத்தினால் கூரையில் இருக்கும் சோலார் பேனல் 400 வாட் கொடுக்கிறது. வண்டிக்குள்ளே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இருபது அடி தள்ளி ஒரு வேப்பமரம். அதன் கீழே போனால் உடம்பு ஆறுகிறது, ஆனால் மொபைலில் தெரியும் அந்த 400 சட்டென்று 35 ஆகிவிடுகிறது. அன்று மட்டும் மூன்று முறை வண்டியை இடம் மாற்றினோம். மூன்றாவது முறை என் மனைவி இறங்கி மரத்தடியில் பாயை விரித்துவிட்டாள். “நீங்க வேணா பேனலோட இருங்க” என்றாள்.

வேனில் வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “எத்தனை வாட் சோலார் போடலாம்?” என்பதுதான். இரண்டு வருடம் ஒரு பழைய டெம்போ டிராவலரில் ஊர் சுற்றிய பிறகு எனக்கு அந்தக் கேள்வியே இடம் மாறி நிற்பதாகப் படுகிறது. வண்டி பெரும்பாலும் எங்கே நிற்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓடும் என்பதைச் சொன்னால், எதில் பணம் போடலாம் என்று பாதி முடிவாகிவிடும்.

அதற்கு முன் செலவுக் கணக்கு. எங்கள் வண்டியில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்று, கோடையில் நாளுக்கு அரை யூனிட் தின்னும். சின்ன 12 வோல்ட் ஃபேன் இரண்டு, இரவெல்லாம் ஓடினால் 0.3. லேப்டாப் ஐந்து மணி நேரம், இன்னொரு 0.3. விளக்கு, போன், வைஃபை டாங்கிள் எல்லாம் சேர்த்து 0.2. மிக்ஸி பயமுறுத்தும் 750 வாட் என்றாலும் சட்னி அரைக்க நாலு நிமிடம்தானே, 0.05 கூட வராது. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு விழுங்குவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பில் இது அரசு தரும் 100 இலவச யூனிட்டுக்குள் முடிந்துவிடும். சாலையில் அதே 90 யூனிட்டுக்குத்தான் லட்சத்துக்கு மேல் செலவு செய்கிறோம்.

இந்தப் பட்டியலில் ஏசி இல்லை, இண்டக்‌ஷன் அடுப்பு இல்லை. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு முழுக்க ஓடினால் சுமார் 4 யூனிட் கேட்கும். எங்கள் ஒரு நாள் வாழ்க்கையைப் போல இரண்டரை மடங்கு, தூங்குவதற்கு மட்டும். பேட்டரியில் ஏசி ஓட்டுவேன் என்று யாராவது சொன்னால் நான் விவாதம் செய்வதில்லை. மே மாதம் மலைக்குப் போய்விடுங்கள் என்று மட்டும் சொல்வேன். சமையலுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும். அதை எங்கே வைக்கிறோம், காற்று எப்படி வெளியேறும் என்பது தனிக் கதை.

கூரைச் சோலாரும் எஞ்சினும்

வெளிநாட்டு வீடியோக்களில் பேனலைச் சாய்த்து வைக்க விதவிதமான கம்பி, கீல் எல்லாம் காட்டுவார்கள். அவர்கள் ஊரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகிறது; அவர்களுக்கு அது தேவை. அட்சரேகையில் சென்னை 13 டிகிரி, கன்னியாகுமரி 8 டிகிரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல். கூரையோடு படுக்கவைத்து முடுக்கினாலே போதும், இழப்பு மிகக் குறைவு. நமக்கு இருக்கும் இழப்பு வேறு: சூடு. பேனலின் திறனை 25 டிகிரியில்தான் எழுதுகிறார்கள். நம் கூரையில் பேனல் 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் என்று வைத்தாலும் 14 சதவீதம் போயிற்று. அதனால் பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது காற்று ஓட இடம் விட வேண்டும். பசையில் ஒட்டும் வளையும் பேனலை நான் தவிர்த்ததற்குக் காரணம் இதுதான்.

வீட்டு மாடியில் போடும் 540 வாட் பேனல் ஒன்று சுமார் ஏழரை அடி நீளம், 28 கிலோ. வாட்டுக்கு வாட் விலை பார்த்தால் “கேம்பர் பேனல்” என்று தனியாக விற்பதைவிட இது மிகவும் மலிவு. நான் வாங்கியபோது 13,000 ரூபாய்க்குள் முடிந்தது. தெளிவான நாளில் இரண்டு யூனிட் வரும். எங்கள் தேவை ஒன்றரை. கணக்கு அருமை, வேப்பமரம் இல்லாத வரை. மூடுபனியும் மழையுமாக ஐப்பசியில் கொடைக்கானலில் மூன்று நாள் கிடந்தபோது ஒரு நாளைக்கு 0.3 யூனிட் வந்ததே பெரிது. ஒரே ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் பேனலின் ஒரு பகுதி மொத்தமாகச் செத்துவிடும். நிழலின் அளவுக்கு மட்டும் குறையும் என்று நினைக்கக் கூடாது.

கூடவே ஒரு நுணுக்கம். இந்த 540 வாட் பேனலின் திறந்த வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது காட்டுவது, 49.5 அளவில் இருக்கும். இரண்டை சீரிஸில் இணைத்தால் 99. பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் என் எம்பிபிடி கன்ட்ரோலர் தாங்குவது 100. கோவையின் பகல் வெயிலில் தப்பித்துவிடும். பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும் என்பதால் ஊட்டியில் 10 டிகிரி காலையில் முதல் வெயில் பட்டதும் 103 வரை போய்க் கன்ட்ரோலர் புகைந்துவிடும். இரண்டு பேனல் என்றால் பேரலல் இணைப்பு, அல்லது 150 வோல்ட் கன்ட்ரோலர்.

இப்போது எஞ்சின். எல்லோரும் கடைசியாக யோசிப்பது இதைத்தான்; நான் முதலில் பணம் போடச் சொல்வேன். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் ஓடும்போதெல்லாம் 400 வாட் பேட்டரிக்கு இறங்கும். கோவையிலிருந்து வால்பாறைக்கு மூன்று மணி நேரம். நாற்பது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் 1.2 யூனிட் உள்ளே வந்துவிடும். மழை, பனி, இரவு, எதைப் பற்றியும் அதற்குக் கவலை இல்லை. இலவசம் என்று மட்டும் நினைக்காதீர்கள்: ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் டீசல் கூடுதலாகப் போகிறது. எப்படியும் போகிற பயணத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

சிலர் டிசி-டிசி சார்ஜரின் 20,000 ரூபாயை மிச்சம் பிடிக்க ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் ஒன்றை வைத்து ஆல்டர்னேட்டரை நேராக லித்தியம் பேட்டரிக்குக் கொடுக்கிறார்கள். ஈய-அமில பேட்டரி நிறைய நிறைய கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படி இல்லை, கொடுத்ததையெல்லாம் கடைசி வரை வாங்கும். சிக்னலில் எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் ஃபேன் மெதுவாகச் சுற்றும், கரண்ட் மட்டும் முழுசாகப் போகும். அது கருகுவதற்கு வேறு காரணம் வேண்டாம். பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் எஞ்சின் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டர் வோல்டேஜை ஏற்றி இறக்குவதால் ரிலே வைத்தாலும் பேட்டரி சரியாக நிறையாது.

ஆக, தினமும் ஒன்றிரண்டு மணி நேரமாவது வண்டி ஓட்டுகிறவருக்கு எஞ்சின். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குக் கூரைச் சோலார். நாங்கள் இரண்டுக்கும் நடுவில்: மூன்று நாள் இருப்போம், ஒரு நாள் ஓடுவோம். அதனால் இரண்டும் வைத்தோம். ஒன்றை எடுத்துவிடு என்று யாராவது கட்டாயப்படுத்தினால் பேனலைத்தான் கழற்றுவேன்.

ஜெனரேட்டர் பற்றிச் சுருக்கமாக

ஒரு கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் ஆகும், லோடு குறைந்தால் இன்னும் மோசம். யூனிட் ஏறக்குறைய 100 ரூபாய். சத்தம் வேறு, பக்கத்தில் நிற்கிறவர் உங்களோடு பேசமாட்டார். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைக்கு அருகே சாலையோரம் நிறுத்திய காரவானுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு மணம் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இருந்தே ஆக வேண்டும் என்றால் வண்டியை விட்டுத் தள்ளி, காற்றில் புகை வண்டியை விட்டு விலகிப் போகிற பக்கம் வையுங்கள். உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். எங்களிடம் ஜெனரேட்டர் இல்லை, வாங்கப் போவதும் இல்லை.

அதைவிட நல்லது பக்கத்தில் இருக்கும் பிளக். ரெடிமேட் கேம்பிங் இடம் என்று தேட வேண்டாம். லாட்ஜ், ஹோம்ஸ்டே, தெரிந்தவர் தோட்டத்து மோட்டார் ரூம், எதுவானாலும் சரி. 20 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் 300 வாட்தான் இழுக்கும். நூறு ரூபாய் கொடுத்து “நைட்டு சார்ஜ் போட்டுக்கலாமா அண்ணே” என்று கேட்டால் இதுவரை யாரும் மறுக்கவில்லை. சில ரூபாய்க் கரண்டுக்கு நூறு கொடுக்கிறோமே என்று கணக்குப் பார்ப்பது வீண். அந்த நூறில் பாத்ரூமும் சேர்த்தி. ஆனால் கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளாமல் யாருடைய பிளக்கிலும் செருகாதீர்கள். எர்த் இல்லாத பிளக் எத்தனை என்று எண்ணி எனக்கு அலுத்துவிட்டது. வண்டி தகரம், வாசலில் ஈரத் தரை, வெறுங்கால்.

டியூபுலரா, லித்தியமா

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “வூட்டுல ஓடற இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கி வெச்சுட்டா வேலை முடிஞ்சுதுங்க தம்பி, இதுக்கு எதுக்கு இத்தனை ரோசனை?” அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வீட்டு இன்வெர்ட்டரோடு வரும் ஈய-அமில ரகமான 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த பேட்டரிக் கடைக்காரருக்கும் அதன் மருத்துவம் தெரியும், பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். வருடத்துக்குப் பத்து நாள் வெளியே போகிற குடும்பத்துக்கு நானும் அதையே சொல்லியிருப்பேன், ஒரு நிபந்தனையோடு: சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதனால் படுக்கைக்குக் கீழே மூடிய பெட்டியில் வைக்கக் கூடாது. வெளிக்காற்றுக்குத் தனி வழி வேண்டும்.

குறை எங்கே என்றால், நாள் முழுக்க இருக்கும் வீட்டு மின்சாரத்துக்காக அமைந்தது அது. 150 ஏஹெச் என்றால் 1.8 யூனிட்; ஆயுள் கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் தொடலாம். எங்கள் தேவைக்கு இரண்டு பேட்டரி, 110 கிலோ. ஆள் இருவரோடு இன்னொரு இருவர் எப்போதும் ஏறி உட்கார்ந்த மாதிரி. அதைவிடப் பெரிய சிக்கல், கடைசி 20 சதவீதம் நிறைய மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் சரி. இரண்டு மணி நேர ஓட்டம், மாலை மூன்று மணிக்கு விழும் மரநிழல், இவற்றில் அது ஒருநாளும் முழுசாக நிறையாது. நிறையாமலேயே கிடக்கும் ஈய பேட்டரிக்கு சல்பேட் படிந்து உயிர் போகும். வீட்டில் ஐந்து வருடம் உழைப்பது வண்டியில் இரண்டு வருடத்தில் கையை விரிப்பது இதனால்தான். போதாததற்கு, வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பூட்டிய வேனுக்குள் மே மாதம் என்ன சூடு என்று சொல்ல வேண்டியதில்லை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடைகளில் எல்எஃப்பி என்பார்கள். 200 ஏஹெச் பேட்டரி ஒன்று 2.5 யூனிட், அதில் இரண்டுக்கு மேல் தைரியமாக எடுக்கலாம், எடை 25 கிலோவுக்குள். பாதி நிறைந்தே கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது; அதற்கு உண்மையில் அதுதான் பிடிக்கும். நிறைந்து காலியாகும் சுழற்சி ஆயிரக்கணக்கில் தாங்கும். எனக்கு 55,000 ரூபாய் ஆனது. அன்று கசந்தது. இரண்டு டியூபுலரை இரண்டு முறை மாற்றும் விலையோடு வைத்துப் பார்த்தால் கசப்பு போய்விட்டது. போன் பேட்டரி போல இது எளிதில் தீப்பிடிக்கிற ரகமும் அல்ல. இந்தப் பாஸ்பேட் வேதியியலை உலகுக்குச் சொன்ன 1997ஆம் வருட ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு அக்ஷய பாதி, கே. எஸ். நஞ்சுண்டசுவாமி என்று இரண்டு இந்தியப் பெயர்கள் இருக்கின்றன. பேட்டரி மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அதற்கும் பலவீனம் உண்டு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். தமிழ்நாட்டில் யாருக்கு இது பிரச்சினை என்று கேட்பீர்கள். மார்கழியில் ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் சார்ஜை நிறுத்தி வைத்தது, நாங்கள் குறைந்த வெப்பநிலை வெட்டு உள்ள பேட்டரி கேட்டு வாங்கியிருந்ததால். லடாக் போகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. இன்னொன்று: உள்ளூரில் செல் வாங்கிக் கோர்த்து விற்பவர்கள் நிறைய. மலிவாகத்தான் இருக்கும். 200 ஏஹெச் என்று ஒட்டியிருக்கும் பெட்டிக்குள் உண்மையில் எவ்வளவு என்பதை, கடையிலேயே தெரிந்த லோடு போட்டு மணி பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் முதலில் பார்த்த பெட்டி 200க்குப் பதில் 140லேயே மூச்சை நிறுத்திவிட்டது.

எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கும் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் எனக்குப் பிடிக்கும், ஆனால் எனக்கு வேண்டாம். ஒரு யூனிட் பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஸ்க்ரூ டிரைவரைத் தொடத் தெரியாதவரும் முதல் நாளே பயன்படுத்தலாம். வண்டியில் எதையும் வெட்ட வேண்டாம், வீட்டுக்குத் தூக்கிப் போனால் கரண்ட் போகும் இரவில் அங்கும் உதவும். வாடகைக் காரிலோ சொந்த மாருதி ஈக்கோ வேனிலோ வார இறுதிக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் உள்ளே ஒரு போர்டு போனால் மொத்தமும் போச்சு. என் அமைப்பில் கன்ட்ரோலர் செத்தால் கன்ட்ரோலரை மட்டும் மாற்றுவேன், அதுவரை டிசி-டிசி ஓடிக்கொண்டிருக்கும். சாலையில் மாதக்கணக்கில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. பெரும்பாலானவற்றில் காரின் சிகரெட் லைட்டர் வழியாக ஏற்றினால் 100 வாட் அளவுதான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலியானதை நிரப்ப பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.

வயரில் மிச்சம் பிடித்த கதை

இண்டக்‌ஷன் வேண்டாம் என்று சொன்னேனே, அது அனுபவம். வால்பாறையில் மழை, அடுப்பைப் பற்றவைக்கச் சோம்பல், 1200 வாட்டில் பால் காய்ச்சலாம் என்று வைத்தேன். 12 வோல்ட்டில் 1200 வாட் என்றால் நூறு ஆம்பியருக்கு மேல். பால் பொங்குவதற்கு முன் பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் இன்வெர்ட்டர் பக்கத்து லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) நீலம் பாரித்துக் கறுத்திருக்கிறது, அதை ஒட்டிய உறை உருகி ஒழுகியிருக்கிறது. வயர் போட்டுத் தந்த கடையில் 35 ஸ்கொயர் எம்எம் கேபிளின் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அமுக்காமல் சுத்தியலால் தட்டியிருந்தார்கள். இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஃபியூஸ் போகவில்லை, போகவும் போகாது. ஃபியூஸுக்குத் தெரிவது கரண்டின் அளவுதான், லூஸ் கனெக்‌ஷன் தெரியாது.

அதனால் ஆயிரம் வாட்டுக்கு மேல் இன்வெர்ட்டர் வேண்டும் என்பவர்கள் 24 வோல்ட்டை யோசியுங்கள்; கரண்ட் பாதியாகும், கேபிளும் மெலியும். 12ல் இருப்பவர்கள் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் வையுங்கள், முதல் பயணம் முடிந்ததும் எல்லா முனையையும் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். டெம்போ குலுங்கும் குலுக்கலில் கழன்றுகொள்ளாத நட்டு கிடையாது. சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்குங்கள். மலிவு ரகத்தில் மிக்ஸி முனகும், லேப்டாப் சார்ஜர் கொதிக்கும்.

ஆர்டிஓ பக்கம் ஒரு வார்த்தை. ஆர்சியில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே வரும். சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவது அந்தக் கணக்கில் சேரும். வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்கு அப்போது பதில் தேட முடியாது.

எனக்கு இப்போது புதிதாகத் தொடங்கக் கிடைத்தால் இந்த வரிசையில் வாங்குவேன்: 100 ஏஹெச் எல்எஃப்பி ஒன்று, 30 ஆம்பியர் டிசி-டிசி, பிளக் சார்ஜர். இதோடு ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பேன். ஒரே இடத்தில் நிற்கிற நாட்கள் கூடக் கூட இரண்டாவது பேட்டரியும் பேனலும். அந்தப் பேனலையும் கூரையில் முடுக்காமல் மடக்கும் ரகமாக, 200 வாட்டில் வாங்குவேன். 4 ஸ்கொயர் எம்எம் வயர் பத்து மீட்டர் இழுத்தால் இழப்பு ஐந்து சதவீதம்தான். வண்டி மரத்தடியில், பேனல் வெயிலில். அண்மையில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி மணப்பாட்டில் விரித்துப் பார்த்தேன். பகல் ஒரு மணிவரை 150 வாட் குறையாமல் வந்தது. அப்புறம் திடீரென்று பாதியானது. போய்ப் பார்த்தால், சாய்த்து வைத்த பேனலின் கீழே நிழல் கண்டு இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. மூன்றாவதுக்கு இடம் போதாமல் பேனலைக் கொம்பால் முட்டித் திருப்பிவிட்டிருந்தது.